ஏழு பேர், ஒரு பிடி: கபடியில் பயிற்சி முறையும் அணியின் ஆட்டமும்

கிராமத்து மின்னொளி கபடிப் போட்டிகளைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். பரிசுத்தொகை சற்றுப் பெரியதாக இருந்தால், கையில் காசுள்ள ஒருவர் பல ஊர்களிலிருந்தும் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களை வரவழைத்து, ஒரே நிற ஜெர்சியை மாட்டிவிட்டு, ஓர் அணியாக இறக்குவார். எதிரணிக் களத்துக்குப் பாடிப் போகும் ரெய்டர் ஒரு மாவட்டத்துக்காரர், மூலையில் நின்று பிடிக்கும் கார்னர் வேறு மாவட்டத்துக்காரர், நடுப்பக்கம் நின்று வழியை அடைக்கும் கவர் ஆடுபவரோ அன்று மாலைதான் பேருந்திலிருந்து இறங்கியிருப்பார். எதிரே நிற்பது ஒரே தெருவில் சிறுவயது முதல் சேர்ந்து ஆடிய ஏழு பேர். அவர்களில் ஒருவருக்குத் தொப்பை விழுந்திருக்கும், இன்னொருவர் முழங்காலில் பட்டை கட்டியிருப்பார். தொடக்கத்தில் வரவழைக்கப்பட்ட அணி ரெய்டில் புள்ளிகளை அள்ளும். ஆட்டம் நீள நீள, அதன் பிடிகள் ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கும். கூட்டி வந்த அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன இரவுகளும் ஏராளம் என்பதால், இதை ஒரு விதியாகச் சொல்ல வரவில்லை. ஆனால் ஏழு இடங்களிலும் ஆளுக்கு ஆள் மேலானவர்களைக் கொண்ட ஓர் அணி, ரெய்டில் அசத்திவிட்டுப் பிடியில் மட்டும் திரும்பத் திரும்பச் சறுக்குவது ஏன் என்ற கேள்வி, பள்ளி மாணவர்களுக்குக் கபடி சொல்லித் தரும் என்னைப் போன்ற ஓர் உடற்கல்வி ஆசிரியருக்கு வேடிக்கைக் கேள்வி அல்ல. நாளைக் காலை மைதானத்தில் என்ன பயிற்சி கொடுப்பது என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெய்டு பெரும்பாலும் தனியாள் வேலை. பிடி அப்படியல்ல. நாம் கொடுக்கும் பயிற்சியில் பெரும்பகுதி, பிடிப்பவரையும் தனியாளாகவே வைத்துக் கொடுக்கப்படுகிறது. அதனால் நல்ல பிடிகாரர்கள் உருவாகிறார்கள்; நல்ல பிடி உருவாவதில்லை.

இது ஏதோ தத்துவம் போலத் தோன்றலாம் என்பதால், ஒரு பிடி எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளி, ரெய்டர் தாண்ட வேண்டிய பாக் லைன்; அதிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் தள்ளி, கூடுதல் புள்ளி தரக்கூடிய போனஸ் கோடு. ரெய்டருக்கு 30 நொடி. அவர் இடது கார்னர் பக்கமாக நகர்ந்து, போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் விரலை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கார்னர் குனிந்து கணுக்காலைப் பிடிக்கிறார். அது ஆங்கிள் ஹோல்ட். அந்தப் பிடியின் ஆயுள் ஒரு நொடிகூட இல்லை. நல்ல ரெய்டர் உடம்பைத் திருப்பி, இன்னொரு காலை ஊன்றி, நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்துவிடுவார். அந்த ஒரு நொடிக்குள் கவர் ஆடுபவர் அவருக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே உடம்பைக் கொண்டுவந்து வழியை அடைக்க வேண்டும். கவர் முந்திவிட்டால், கார்னர் பிடிப்பதற்கு முன்பே ரெய்டர் உஷாராகி, வந்தவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். பிந்திவிட்டால், காலைப் பிடித்திருக்கும் கார்னரையும் இழுத்துக்கொண்டே ரெய்டர் கோட்டைத் தொட்டுவிடுவார். எதிர்ப்பக்கத்தில் நிற்கும் வலது கார்னரும் அதே கணத்தில் கிளம்பியிருக்க வேண்டும். அவர் வந்து சேரும் வரை முதல் இருவரும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

இதில் புள்ளிக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. ரெய்டரைப் பிடித்தால் பிடித்த அணிக்குக் கிடைப்பது 1 புள்ளி. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்று கூடுதலாக ஒன்று. ஆனால் பிடி நழுவி ரெய்டர் கோட்டைத் தொட்டுவிட்டால், அவரைத் தொட்ட அத்தனை பேரும் வெளியே போக வேண்டும். மூன்று பேர் பாய்ந்து பிடி நழுவினால் 3 புள்ளி போயிற்று, அதோடு களத்தில் நால்வர்தான் மிச்சம். ஆகவே, கார்னரின் பிடி நிற்குமா என்று சந்தேகப்படும் கவர் பாயாமல் நிற்பது கோழைத்தனம் அல்ல. அவருக்குத் தெரிந்த அளவில் அதுதான் சரியான கணக்கு. ‘ஏன்டா போகல?’ என்று வெளியிலிருந்து கத்தும் பயிற்சியாளர்கள் இதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை. கவருக்குத் துணிச்சலைக் கூட்டினால் போதாது. கார்னர் எப்போது பிடிப்பார், எப்போது விட்டுவிடுவார், அவர் பிடித்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது கார்னரின் தனித்திறமையிலும் இல்லை, கவரின் தனித்திறமையிலும் இல்லை. இருவருக்கும் இடையில் இருக்கிறது.

ஒரு மண்டலப் போட்டியில் இரண்டாம் பாதி முடியும் தறுவாயில் இப்படி ஒரு பிடி நழுவி, என் மாணவர்கள் இருவர் வெளியே வந்து அமர்ந்தபோது பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “நான் பிடிச்சா நீ வந்துடுவேன்னு நெனச்சேன்” என்றான் கார்னர் ஆடியவன். “நீ பிடிப்பேன்னு எனக்கு எப்படிடா தெரியும்? போன வாட்டி அதே இடத்துல விட்டுட்டியே” என்றான் மற்றவன். இருவருமே தனித்தனியாகப் பயிற்சியில் என்னிடம் பாராட்டு வாங்கியவர்கள். அந்தச் சிறு சண்டையில் இருந்த தகவல், நான் அதுவரை எழுதி வைத்திருந்த பயிற்சி அட்டவணையில் எங்கும் இல்லை.

வழக்கமான அட்டவணை எப்படி இருக்கும் என்பதை ஆடியவர்கள் அறிவார்கள். ஓட்டம், நெகிழ்வுப் பயிற்சி, அதன்பின் ஒவ்வொரு பிடியாகத் தனித்தனியே பழகுதல். கார்னர் ஆடுபவர்கள் வரிசையாக நிற்பார்கள்; எதிரே நிற்பவன் காலை நீட்டுவான்; இவன் பிடிப்பான்; அடுத்தவன் வருவான். அது முடிந்ததும் தொடைப்பிடி, அதையடுத்து வழிமறிக்கும் பிளாக், பிறகு மோதி வெளியே தள்ளும் டேஷ். ஒரே பிடியை ஒரே கோணத்தில் திரும்பத் திரும்பச் செய்வதால் கை பழகிவிடும். பத்து நிமிடத்தில் எல்லாரும் அழகாகப் பிடிப்பார்கள். பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். தலைமை ஆசிரியர் மைதானத்துப் பக்கம் வந்தால் இந்தப் பயிற்சியைக் காட்டுவதில்தான் எங்களுக்குப் பெருமை. சிக்கல் என்னவென்றால், இந்தப் பயிற்சியில் எந்தக் கால் வரும், எப்போது வரும் என்பது பிடிப்பவனுக்கு முன்பே தெரியும். ஆட்டத்தில் அவன் செய்ய வேண்டிய வேலையில் பாதி, பிடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது. அந்தப் பாதியை நாம் அவனுக்காகச் செய்துவிடுகிறோம்.

வேறு விளையாட்டில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரே வகைப் பந்தைத் தொடர்ச்சியாக 15 முறை, அடுத்து இன்னொரு வகையை 15 முறை, பின் மூன்றாவது வகையை 15 முறை என்று வீசினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே மூன்று வகைகளை, அதே 45 பந்துகளில், எது வரும் என்று தெரியாதபடி கலந்து வீசினார்கள். மூன்றாவது பிரிவுக்குக் கூடுதல் பயிற்சியே இல்லை. ஆறு வாரத்துக்குப் பின், எது வரும் என்று தெரியாத நிலையில் சோதித்தபோது, கலந்து பழகியவர்களின் முன்னேற்றம் ஏறத்தாழ 57 விழுக்காடு, வரிசையாகப் பழகியவர்களுக்கு 25, கூடுதல் பயிற்சி இல்லாதவர்களுக்கு 6. இரு பிரிவினரும் அடித்த பந்துகளின் எண்ணிக்கை ஒன்றே. வரிசை மட்டும்தான் வேறு. கலந்து பழகும்போது பயிற்சி நேரத்தில் தடுமாற்றம் அதிகம் தெரியும், ஆட்டத்தில் பலன் அதிகம் கிடைக்கும் என்பது இத்தகைய பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. பயிற்சி அழகாக நடக்கிறதா என்பதை வைத்துப் பயிற்சியை எடைபோடும் நம் பழக்கத்துக்கு இது நேர் எதிரானது.

ஆனால் கலந்து பழகுவது தனியாளின் முடிவெடுக்கும் திறனை வளர்ப்பதோடு நின்றுவிடும். அணிக்கு அது போதுமா என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று விளையாட்டிலிருந்து வரவில்லை. வானொலிப் பெட்டியிலிருந்து வருகிறது. 1995-இல் லியாங், மோர்லேண்ட், ஆர்கோட் என்னும் மூன்று ஆய்வாளர்கள், மாணவர்களை மூவர் மூவராகச் சேர்த்து, உதிரிபாகங்களிலிருந்து ஒரு ரேடியோவைப் பூட்டச் சொன்னார்கள். சிலருக்குப் பயிற்சியைத் தனித்தனியே கொடுத்து, பூட்டும் நாளன்றுதான் குழுவாக்கினார்கள். மற்றவர்களுக்கு எந்தக் குழுவில் பூட்டப் போகிறார்களோ அதே குழுவில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பூட்டியபோது, சேர்ந்து பழகிய குழுக்கள் வழிமுறையை அதிகம் நினைவில் வைத்திருந்தன, பிழையும் குறைவாகச் செய்தன. சேர்ந்து பழகியவர்களிடையே வேலை தானாகப் பிரிந்துகொண்டது: மின்சுற்றுப் பலகை இவனுக்கு நன்றாக வரும், கம்பி இணைப்பு அவளுக்கு வரும் என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாருக்கு எது தெரியும் என்ற இந்த அறிவுதான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று அவர்கள் காட்டினார்கள்.

இதைவிடச் சுவையானது 2000-இல் மோர்லேண்ட் இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்ட தொடர் ஆய்வு. தனித்தனியே பயிற்சி பெற்றவர்களிடம், ‘உன் குழுவில் உள்ள மற்ற இருவர் எந்தெந்தப் பகுதியில் தேர்ந்தவர்கள்’ என்ற விவரத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் குழுக்கள், சேர்ந்தே பழகிய குழுக்களுக்கு இணையாகச் செயல்பட்டன. ஆக, சேர்ந்து இருந்ததால் வந்த பாசமோ ஒற்றுமையோ அல்ல, ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்த தகவல்தான் பெரும்பங்கு வேலை செய்திருக்கிறது. அணி ஒற்றுமைக்காகச் சுற்றுலா அழைத்துப் போவது, இரவு நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடுவது போன்றவற்றில் எனக்கு என்றுமே பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருப்பார்கள், அது நல்லதுதான். ஆனால் பாட்டுப் பாடியவனின் ஆங்கிள் ஹோல்ட் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அந்த நெருப்பு வெளிச்சத்தில் தெரிந்துவிடாது.

ரேடியோ பூட்டுவதைவிடக் கபடி வேகமானது என்பதால், காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் தகவல் அப்படியே களத்தில் உதவாது. அந்த அறிவு உடம்புக்குள் போக வேண்டும். அதற்கு நான் கைக்கொண்டிருக்கும் வழிகளில் பலன் தந்தது, இடத்தை மாற்றி ஆட வைப்பது. கவர் ஆடுபவனைச் சில நாள் கார்னரில் நிறுத்துகிறேன். ரெய்டரைக் கவரில் நிறுத்துகிறேன். அவன் அங்கே நன்றாக ஆடமாட்டான், ஆட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. கார்னரில் நின்று பார்த்தவனுக்குத்தான் போனஸ் கோட்டில் நீளும் கால் எவ்வளவு நேரம் தரையில் இருக்கும், பிடித்த கையில் எவ்வளவு பாரம் இறங்கும் என்பது புரிகிறது. அதன்பின் தன் இடத்துக்குத் திரும்பும்போது அவன் கிளம்பும் நேரம் மாறியிருக்கிறது. ரெய்டர்களுக்கு இதனால் வேறொரு லாபமும் உண்டு: கவர் எங்கே பார்க்கிறான் என்பதை வைத்தே அவன் பாயப் போகிறானா என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வழி, ஆளைக் குறைப்பது. மூன்று பேரை மட்டும் களத்தில் விட்டு, ஒரு ரெய்டரை அனுப்பி, சூப்பர் டேக்கிள் சூழலையே பயிற்சியாக்குவது. ஏழு பேர் நிற்கும்போது, மற்றவன் போவான் என்று ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. மூன்று பேரில் ஒளிய முடியாது. முழு அணியையும் ஆடவிட்டால் ஒருவனுக்கு ஒரு மணி நேரத்தில் சில பிடிகளில்தான் பங்கு கிடைக்கும். இப்படிச் சுருக்கினால் அதே நேரத்தில் பல மடங்கு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் நான் தீர்ப்புச் சொல்வதை இப்போது குறைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களையே பேசவிடுகிறேன். யார் முதலில் அசைந்தது, யார் எதைப் பார்த்துக் கிளம்பினது என்று மூவரும் சொல்லும்போது, மூன்று வேறு வேறு கதைகள் வருகின்றன. அந்த மூன்றும் ஒன்றாகும் வரை அந்த மூவரை மாற்றுவதில்லை. ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளருக்குக் கிடைப்பது சில நொடி டைம் அவுட் மட்டுமே. ரெய்டு நடக்கும் 30 நொடியில் வெளியிலிருந்து வரும் கூச்சலைக் கேட்டு ஆடும் அணி, கேட்காமல் ஆடும் அணியைவிட எப்போதும் ஒரு கணம் பின்தங்கித்தான் இருக்கும்.

பெரிய மேடையிலும் இதே கதையைப் பார்க்கலாம். 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் 2017-இல் சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டின் ஏழாவது சீசனில் அந்த அணியில் இருந்த பெயர்களைப் பாருங்கள்: ராகுல் சௌத்ரி, அஜய் தாக்கூர், மன்ஜீத் சில்லர். லீக்கின் புகழை வளர்த்த முகங்கள். அந்த சீசனில் 12 அணிகளில் தலைவாஸ் கடைசி இடம். அடுத்து 2022-இன் ஒன்பதாவது சீசனுக்கு, அதுவரை யாருக்கும் கொடுக்கப்படாத 2.26 கோடி ரூபாய்க்குப் பவன் ஷெராவத்தை ஏலத்தில் எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் சீசன் முழுவதும் வெளியே அமர நேர்ந்தது. தமிழ்நாட்டு ரசிகர்கள் அன்றே ஆசையை விட்டிருப்பார்கள். ஆனால் சாகர் ராட்டி போன்ற, முந்தைய சீசனிலிருந்தே அங்கு ஆடிவந்த இளம் பிடிகாரர்களும், அந்த ஆண்டுதான் லீக்குக்கு அறிமுகமான நரேந்தர் என்னும் ரெய்டரும் சேர்ந்து, அணியை முதல்முறையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் பயிற்சியாளராக அஷன் குமார் பொறுப்பேற்றார். அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள்.

இதை மட்டும் வைத்து, நட்சத்திரங்கள் வேண்டாம், பிள்ளைகள் போதும் என்று சொல்லிவிட முடியாது. ஏழாவது சீசனின் மூத்தவர்களுக்கு வயதும் காயமும் இருந்தன. நரேந்தரோ தன்னளவில் அபாரமான ரெய்டர். ஆனாலும் லீக்கின் வடிவமே ஒரு சோதனைக்கூடத்தைப் போல அமைந்திருப்பதை மறுக்க முடியாது. ஏலத்தில் அணிகள் கலைகின்றன. சில வாரப் பயிற்சி முகாமில் புதியவர்கள் ஒரு செயினாக, அதாவது சேர்ந்து பிடிக்கும் சங்கிலியாக, மாற வேண்டும். அங்கே வாங்க முடிந்தது திறமை, வாங்க முடியாதது பழக்கம். பழக்கத்தைச் சேர்த்தே வாங்கிய அணிகளும் உண்டு. 2017-இல் புதிதாக வந்த குஜராத் அணி, ஈரான் தேசிய அணியில் சேர்ந்து ஆடிய ஃபசல் அத்ராசலியை இடது கார்னரிலும் அபோசர் மிகானியை வலது கார்னரிலும் நிறுத்தியது. இரு மூலைகளுக்கும் ஒருவரையொருவர் முன்பே தெரியும். மன்பிரீத் சிங் பயிற்சியளித்த அந்த அணி, முதல் சீசனிலேயே இறுதிப்போட்டிக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு ஃபசல் வேறு அணிக்குப் போன பின்னும் மீண்டும் இறுதிக்கு வந்தது. இரண்டிலும் தோற்றது என்பது வேறு.

பத்தாவது சீசனில், 2024 மார்ச்சில் கோப்பை வென்ற புனேரி பல்டனை எடுத்துக்கொண்டால், பி.சி. ரமேஷின் பயிற்சியில் இருந்த அந்த அணியின் முதுகெலும்பு அஸ்லம் இனாம்தார், மோகித் கோயத் போன்று சில சீசன்களாகவே சேர்ந்து ஆடிவந்த இளைஞர்கள். நம் தமிழ்நாட்டு அபினேஷ் நடராஜன் அதில் கவர் ஆடியவர். அதிக விலைக்கு வாங்கப்பட்ட ஈரானியரான முகமதுரேசாவும் அங்கிருந்தார் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர் வந்து சேர்ந்தது, ஏற்கெனவே ஒன்றுக்கொன்று பழகிய ஒரு அமைப்புக்குள். புதியவர் ஒருவர் மட்டும் பழக வேண்டியிருப்பதற்கும், ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பழக வேண்டியிருப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

ஈரான் என்றதும் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1990 முதல் ஏழு முறை தொடர்ந்து தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணி, குழுச் சுற்றில் தென்கொரியாவிடம் 23-24 என்று தோற்று, அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று வீழ்ந்தது. மறுநாள் பெண்கள் இறுதியிலும் ஈரான் 27-24 என்று வென்றது. அந்தப் பெண்கள் அணிக்குப் பயிற்சியளித்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். ஈரானியரின் மல்யுத்தப் பின்னணியைப் பற்றி அப்போது எல்லாரும் பேசினார்கள். உடல் வலு என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டார்கள். எனக்குப் பட்டது வேறு. ஆண்கள் அரையிறுதியில் இந்திய ரெய்டர் ஒருவர் மாட்டிக்கொண்ட போதெல்லாம், முதல் பிடி விழுந்த கணத்தில் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் ஏற்கெனவே வழியில் இருந்தார்கள். பிடி நிற்குமா என்று யாரும் நின்று பார்க்கவில்லை. நம் பக்கத்தில் தனித்தனியே பார்த்தால் புரோ கபடியின் ஆகச் சிறந்தவர்கள். பிடியிலோ ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தார்கள். 2023-இல் ஹாங்சோவில் 33-29 என்று இந்தியா தங்கத்தை மீட்டது, அதுவும் கடைசி நிமிடச் சச்சரவுகளோடு. பழைய மேலாதிக்கம் திரும்பி வரவில்லை.

உடல் வலுவைப் பற்றிச் சொல்லும்போது, ஜிம் பயிற்சி இப்போது பள்ளி அளவிலும் வந்துவிட்டதைக் குறிப்பிட வேண்டும். அது தேவைதான். மண்ணில் ஆடிப் பழகியவன் மேட் விரிப்பில் ஷூ போட்டு ஆடும்போது, தரை காலைப் பிடித்துக்கொள்வதால் முழங்காலுக்கு வரும் திருகல் அதிகம். தொடைத் தசை வலுவில்லாதவனை அந்த விரிப்பில் இறக்குவது தவறு. ஆனால் வலு கூடினால் பிடியும் தானாகக் கூடும் என்பது இன்னொரு மயக்கம். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதை அளந்து பார்த்துவிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, அவர்களது தனித்தனி பலத்தின் கூட்டுத்தொகையில் ஏறத்தாழ பாதிதான் வெளிப்பட்டது. எல்லாரும் ஒரே கணத்தில் ஒரே திசையில் இழுக்காததும், பிறர் இழுப்பார்கள் என்று ஒவ்வொருவரும் சற்றுத் தளர்வதும் அதற்குக் காரணங்கள். ரெய்டரைத் தொங்கிக்கொண்டு மூன்று பேர் மூன்று திசையில் இழுப்பதை நாம் பார்த்ததில்லையா? பளு தூக்கியபின், களைத்த உடம்போடு செயின் பயிற்சியைச் செய்ய வைப்பதில் எனக்கு இப்போது நம்பிக்கை வந்திருக்கிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் முதலில் கழன்றுபோவது பலம் அல்ல, நேரம்.

பழைய தெருக் குழுக்கள் இவை எதையும் படித்துச் செய்யவில்லை. மாலை ஆனால் ஆடினார்கள், இருட்டும் வரை ஆடினார்கள், அவ்வளவுதான். ஆள் வந்தால் ஏழு பேர், வராவிட்டால் நான்கு பேர். இன்று கார்னர் ஆடுபவன் ஊருக்குப் போயிருந்தால் கவர் அங்கே போய் நிற்பான். இடம் மாற்றி ஆடுவதும், ஆள் குறைத்து ஆடுவதும், எது வரும் என்று தெரியாமல் ஆடுவதும் அவர்களுக்குச் சூழ்நிலையே கொடுத்த பயிற்சி. அதைப் புனிதப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அவர்களில் பலருக்குத் தவறான பிடி வாழ்நாள் முழுக்கத் தவறாகவே இருந்தது. தோள் இறங்கியவர்களும் முழங்கால் போனவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரு புதியவனுக்குக் கணுக்காலை எந்தக் கையால் முதலில் பற்றுவது, தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று தனியே, மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்லித் தராமல் ஆட்டத்தில் தள்ளுவது ஆபத்து. தலையை ரெய்டரின் முழங்காலுக்கு நேரே கொண்டுபோகும் பழக்கம், ஆடியே பழகினவர்களிடம்தான் அதிகம்.

ஆகவே எந்த முறை சிறந்தது என்பதைவிட, எது எப்போது என்பதுதான் என் தலைவலி. பள்ளி அணிக்கென்று ஒரு சாபம் உண்டு: ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் வெளியேறிவிடுவார்கள். ஜூனில் கையில் இருப்பது பாதி அணி. மாவட்டப் போட்டிக்குள் புதியவர்களுக்குப் பிடியையும் கற்றுத்தர வேண்டும், பழையவர்களோடு அவர்களைப் பழக்கவும் வேண்டும். நான் இப்போது தனிப் பிடிப் பயிற்சியைத் தொடக்க வாரங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்; அதிலும் கோணத்தை மாற்றி, காலை மாற்றி, பொய்க் காட்டல்களைக் கலந்து. அதன்பின் புதியவன் ஒருவனை, இரண்டு பழையவர்களுக்கு நடுவே வைத்து மூவராக ஆடவிடுகிறேன். இரண்டு புதியவர்களை அடுத்தடுத்து நிறுத்துவதை முடிந்தவரை தவிர்க்கிறேன். போட்டிக்கு முந்தைய நாட்களில் யாரையும் இடம் மாற்றுவதில்லை. அப்போது தேவைப்படுவது புதிய அறிவு அல்ல, இருக்கிற அறிவின் மேல் நம்பிக்கை.

எங்கள் வட்டாரத்தின் மூத்த பயிற்சியாளர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். “முதல்ல கையில பிடி இருக்கணும் தம்பி. அப்புறம்தான் பக்கத்துல யாரு நிக்கிறான்னு பாக்கணும்” என்பார். காலையில் நூற்றுக்கணக்கில் கணுக்கால் பிடிக்க வைத்த பின்தான் அவர் மாணவர்களை ஆடவே விடுவார். “மாஸ்டர், பிடி நிக்கும்னு பக்கத்துல இருக்கிறவனுக்குத் தெரியலைன்னா என்ன பண்றது?” என்று கேட்டால், “எங்க பசங்க பிடி நிக்கும்னு ஊருக்கே தெரியும்” என்று பதில் வரும். சென்ற ஆண்டு எங்கள் இரு அணிகளும் மோதியபோது, செயின் பிடிகளில் என் மாணவர்கள் முந்தியிருந்தார்கள். ஆட்டத்தை வென்றது அவர் அணி. அவருடைய இடது கார்னர் பையன் தனியாளாகவே போட்ட ஆங்கிள் ஹோல்டுகளுக்கு எங்களிடம் பதில் இல்லை. அடுத்து மோதுவதற்குள் என் ரெய்டர்களை அவருடைய மைதானத்துக்கு அனுப்பி, அந்தக் கணுக்கால் பிடிப் பயிற்சியில் எதிரே காலை நீட்டும் ஆளாக நிற்க அனுமதி கேட்டிருக்கிறேன். சரி என்று சொல்லியிருக்கிறார், தன் மாணவர்களை எங்கள் மூவர் ஆட்டத்துக்கு அனுப்பலாம் என்றால்.